மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கொசுப் பாடம்

கொசுவால் எனக்குக் கிடைத்த நன்மைகள் சில உண்டு. ஒரு வேலை, ஒரு முனைவர் பட்டம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் ‘கொசு டாக்டர் வந்தாச்சு’ என்கிற வரவேற்பு. இந்த வருஷம் நான்கு நாள் திருவனந்தபுரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் கொசு வளர்க்கிறேன். ஆமாம், வளர்க்கிறேன். மருந்து அடித்தும் சாகாத கொசுக்கள் தலைமுறை தலைமுறையாக எப்படிப் பெருகுகின்றன என்று பார்ப்பதுதான் பிழைப்பு. பரிணாமம் என்றால் ஏதோ டைனோசர் காலத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களை என் கூண்டுக்கு முன்னால் சில மாதம் உட்கார வைத்தால் போதும். கண்ணெதிரே நடக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் தமிழிலேயே பள்ளிக்கூடப் பாடம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் எஸ்டேட் பிள்ளைகள். அவர்களுடைய பத்தாம் வகுப்புக்குப் பரிணாமப் பாடத்தைத் தமிழிலேயே புதிதாக எழுதுகிறோம், நிபுணர் என்ற முறையில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு பாடநூல் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. பாஸ்போர்ட் தேவைப்படாத வெளிநாடு. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கும்போதே தொண்டை கட்டியிருந்தது. லாட்ஜில் பையைப் போட்டதும் எதிரில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போய், வழக்கமாக விழுங்கும் ஆன்டிபயாடிக்கின் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார். “சீட்டு உண்டோ?” இல்லை என்றேன். “சீட்டில்லாம தரமாட்டோம் சேச்சி. உப்பு வெள்ளம் கொப்புளிச்சா மதி.” பின்னால் ஒரு பலகை தொங்கியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டுத் தகராறு செய்யக் கூடாது என்று அதற்குப் பொருள் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கேட்டால், “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று சொல்லித் தாளில் மடித்துக் கொடுத்துவிடுவார். இரண்டாவது நிமிஷம் வெட்கம் வந்தது. தேவையில்லாமல் மருந்தைத் தின்று தின்று, அதற்குச் சாகாத கிருமிகளை நாமே பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம் என்று வருஷா வருஷம் மேடையில் முழங்குகிறவள் நான். மூன்றாவது நிமிஷம் வந்தது பெருமை. நான் படித்த படிப்பு ஒரு கடைக் கவுண்டரில் சட்டமாக நின்று, என்னையே திருப்பி அனுப்புகிறது. உப்புத் தண்ணீரைக் கொப்புளித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஹோட்டலில் குடிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, சுடச்சுட இருந்தது. யாரோ சேலையை அலசிய தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று தம்ளரை ஓரமாகத் தள்ளினேன். பரிமாறியவர் சங்கரன்கோவில்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார்: “தாகவெள்ளம்க்கா. மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைக்கிறது. மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒரு மாசம் குடிச்சா ஊருக்குப் போயி வெறுந்தண்ணி எறங்காது.” சிவப்பரிசிச் சோறும் குடம்புளி போட்ட மீன் குழம்பும் வந்தன. ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் தனியாக நின்று முறைத்தது. குழம்பு மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலை எனக்கு மலையாளம் படிக்க வரும் என்ற தைரியத்தில் பஸ் ஏறினேன். தமிழ் எழுத்தை உருட்டி உருட்டி எழுதினால் மலையாளம் என்பது மதுரையில் நாங்கள் எல்லோரும் நம்புகிற ஒன்று. பலகையில் பாதியைப் படித்தேன், மீதியை ஊகித்தேன். பஸ் கழக்கூட்டத்தில் போய் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட கம்ப்யூட்டர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தாள். “ஆன்ட்டி, நீங்க ரொம்ப தூரம் வந்தாச்சு. ஆப்போசிட் சைடு போய் நிக்கணும், கேட்டோ.” பாதி நகரத்தைத் திரும்பக் கடந்து, பாடநூல் குழுவின் பணிமனை நடந்த மாடிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நிபுணர் வருகிறார் என்று வைத்திருந்த சாயா ஆறிப்போயிருந்தது.

பணிமனையை நடத்தியவர் பிரமீளா மேடம். மலையாளி, தமிழ் புரியும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பேசுவார். பாடத்தை எழுதிய ஆசிரியர்களில் அன்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ராமசுப்பு சார். கரமனைப் பக்கத்து அக்கிரகாரத்துக்காரர், உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் செலின் டீச்சர். மலையில் விதுரைக்கு மேலே ஒரு பள்ளியில் தமிழ் டிவிஷனுக்குப் பாடம் எடுப்பவர். நாற்பது வயதிருக்கும். ஆறிய சாயாவோடு வந்த இரண்டு பிஸ்கட்டுக்குக் கூடக் கண்ணை மூடி ஜெபம் செய்துவிட்டுத்தான் தொட்டார். ‘சரிதான், பரிணாமப் பாடத்துக்கு நல்ல ஆளைப் பிடித்திருக்கிறார்கள்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் சாமி கும்பிடாதவள் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன், புளியோதரையும் வாங்குவேன். கொசுவைப் பார்த்து எனக்குக் கடவுள் உண்டு என்றும் தோன்றியதில்லை, இல்லை என்றும் தோன்றியதில்லை. கடித்தால் சொறியத் தோன்றும், அவ்வளவுதான்.

சுவர் முழுக்கப் பெரிய சார்ட் தாள்கள். அவற்றில் பிள்ளைகளின் கேள்விகள், வரிசை எண் போட்டு. பிரமீளா மேடம் விளக்கினார். எந்தப் பாடமும் அச்சுக்குப் போகும் முன் நிஜ வகுப்பில் நடத்திப் பார்ப்பார்கள். பிள்ளைகள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும், அசட்டுக் கேள்வியானாலும், அப்படியே எழுதி ஒட்ட வேண்டும். பிறகு பாடத்தை வரி வரியாக உரக்கப் படிப்பார்கள். இந்த வரி எந்தக் கேள்விக்குப் பதில் என்று யாராவது கேட்டால் சுவரைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வரி போய்விடும். நாங்கள் ஆறு பேராசிரியர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதிய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதை இந்தச் சுவருக்கு முன்னால் வைத்தால் தலைப்பு மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

ராமசுப்பு சார் என்னை ஓரமாக அழைத்து, “தசாவதாரத்துலயே எல்லாம் இருக்கே, பார்த்தேளா? மத்ஸ்யம், கூர்மம், வராகம்னு எவ்வளவு நன்னா வரிசையா வரது!” என்றார்.

“வரிசையில் கொசு இல்லையே சார்?”

“அதுக்கென்ன, எங்காத்துல வந்து பாருங்கோ. அவதாரம் எடுத்துண்டே இருக்கு,” என்று அவரே சிரித்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகுதான் அந்த வரி வந்தது. பிரமீளா மேடம் ஒரு துண்டுத்தாளை என் பக்கம் நகர்த்தினார். பாடத்தின் கடைசியில் சேர்ப்பதற்கு இரண்டு வாக்கியம். ‘உயிர்களின் தோற்றம் குறித்துப் பலவித நம்பிக்கைகள் உள்ளன. பரிணாமம் அவற்றுள் ஒன்று.’

“யார் எழுதியது?” என்றேன்.

நம் குழுவிலிருந்தே வந்த யோசனை, பெயர் வேண்டாம் என்றார். பாடம் வெளியே போனால் ஆட்சேபம் வரலாம், ஆசிரியர்களுக்கு ஒரு பாதுகாப்பு. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார், அவர்தான் முடிவு செய்வார், நிபுணர் கையெழுத்தும் வேண்டும். நான் செலின் டீச்சரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தார். வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்தேன்.

என் குரல் உயர்ந்துவிட்டது. “நேற்று ராத்திரி உங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் எனக்கு மாத்திரை தர மறுத்தார்கள். பரிணாமம் பல நம்பிக்கைகளில் ஒன்று என்றால், அந்தக் கடைக்காரர் மறுப்பதற்கு முன்னால் என் மதம் என்ன என்று கேட்டிருக்க வேண்டுமே? கிருமி மாறுகிறது என்பதை நம்பித்தானே அரசாங்கம் சட்டம் போடுகிறது? சட்டத்துக்கு ஒரு அறிவியல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு அறிவியலா?”

பிரமீளா மேடம் சிரித்தார். ஆனால் துண்டுத்தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் செலின் டீச்சரின் பள்ளிக்கே போனோம். பாடத்தைக் கடைசியாக ஒருமுறை வகுப்பில் நடத்திப் பார்க்க. நானும் டீச்சரும் ஒரே சீட்டு. பாதி வழியில் மழை பிடித்தது. எல்லோரும் எழுந்து ஜன்னல் படுதாவை இறக்கிவிட, பஸ்ஸுக்குள் பகலிலேயே இருட்டாகிவிட்டது. “மேடம், ஷூ போட்டிருக்கீங்களா? அட்டை உண்டு கேட்டோ,” என்றார் டீச்சர். நான் புதுச் செருப்பு போட்டிருந்தேன்.

விதுரைச் சந்தையில் இறங்கிச் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. எங்கள் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்குப் பணக்கார அக்கா. பக்கத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் பேப்பரை வைத்துக்கொண்டு மலையாளத்தில் சண்டை போட்டார்கள். எங்கேயோ பாடப்புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்குவது பற்றிய செய்தி. டீச்சர் காதோடு மொழிபெயர்த்தார். ஒருவர், “குரங்கிலிருந்து மனுஷன் வந்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்” என்கிறார். மற்றவர், “வந்தது இருக்கட்டும், உன் தம்பி திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறானே, அதைக் கவனி” என்கிறார். கடையே சிரித்தது. ஒரு சாயாக்கடையில் காலை எட்டரை மணிக்குப் பாடத்திட்டத்தைப் பற்றிச் சண்டை நடக்கிற நாட்டில் எனக்கு நம்பிக்கை உண்டு.

பள்ளி மேட்டில் இருந்தது. வகுப்பில் பதினோரு பிள்ளைகள். நான் மதுரையிலிருந்து லேமினேட் செய்து கொண்டுபோன படங்களை எடுத்தேன். இங்கிலாந்து அந்துப்பூச்சி, கறுப்பும் வெள்ளையும். தொழிற்சாலைப் புகை மரத்தைக் கறுப்பாக்கியது, கறுப்புப் பூச்சி பறவையின் கண்ணுக்குத் தப்பியது. உலகம் பூராவும் இந்தப் படத்தைக் காட்டித்தான் நடத்துவோம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதையை எனக்குத் தெரியும், என் மாணவர்களும் தூங்குவதற்கு முன்னால் அப்படித்தான் இருப்பார்கள். “இங்க மரமெல்லாம் பச்சைப் பாசியில்லா மேடம்?” என்று ஒருவன் கேட்டதோடு இங்கிலாந்து முடிந்தது.

செலின் டீச்சர் மெல்ல எழுந்தார். பொட்டென்று தன் கையில் ஒரு அடி அடித்து, செத்த கொசுவை எல்லோருக்கும் காட்டினார்.

“மருந்தடிக்க வருவாங்கல்லா? அடிச்சா இது சாகுமா?”

“கொறச்சு சாகும் டீச்சர். ரெண்டு நாளு கழிச்சுப் பின்னயும் வரும்.”

“முன்ன நல்லா சாகுமாம், எங்கம்மை சொல்லும்.”

“பின்னே இப்ப ஏன் சாகல்ல?” என்றார் டீச்சர்.

வகுப்பு யோசித்தது. பதில் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. கடைசி பெஞ்சில் சுபிதா என்று ஒரு பெண், இரட்டைச் சடை, எழுந்து நின்றாள். “டீச்சர், அப்ப மருந்துக்குச் சாகாமத் தப்பிச்ச கொசுவுக்க பிள்ளையோதான் இப்ப என்னைக் கடிக்குதோ?”

எனக்குப் புல்லரித்துவிட்டது. முதுகலை வகுப்பில் இரண்டு வாரம் மாரடித்து நான் வரவழைக்கிற வாக்கியம் அது. யாரும் சொல்லித்தராமல், ஒரு மலைப்பள்ளியின் கடைசி பெஞ்சிலிருந்து, தமிழில் வந்தது. எழுந்து போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நான் செய்கிற வேலையைப் பற்றி அவ்வளவு பெருமையாக உணர்ந்த நாள் வேறில்லை.

சுபிதா உட்காரவில்லை. “அப்போ கடவுள்?” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிபுணர். அறிவியலின் எல்லை, அது இது என்று இரண்டு வாக்கியம் தடவினேன். எனக்கே புரியவில்லை. செலின் டீச்சர் கேட்டார்: “வீட்டுல சாப்பிடும் முன்ன ஜெபம் பண்ணுவியா?”

“பண்ணுவேன்.”

“சோறு எப்படி வெந்ததுன்னு நான் கேட்டா என்ன சொல்லுவ?”

“அடுப்புல வெந்துதுன்னு.”

“ஜெபத்துல வெந்துதுன்னு சொல்லுவியா?”

“இல்ல டீச்சர்.” வகுப்பு சிரித்தது.

“அடுப்புல வெந்ததுன்னு தெரிஞ்சதுனால ஜெபத்தை விட்டியா?”

“இல்ல.”

“அதே. ரெண்டும் ரெண்டு விஷயம். உட்காரு.”

உட்கார்ந்த கையோடு அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். “மேடம், நீங்க வளர்க்கிற கொசுவுக்குச் சாப்பாடு யாரு குடுக்கது?” நான் சட்டைக் கையை மடித்து, கூண்டுக்குள் விட்டு விட்டுப் புள்ளி விழுந்த முன்கையைக் காட்டினேன். பதினோரு பேரும் அலறினார்கள். செலின் டீச்சர் எல்லாக் கேள்விகளையும் வரிசையாகச் சார்ட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து பார்த்தால் திரும்ப வேண்டிய பஸ் கீழே எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டதாம். என் காலில் இரண்டு அட்டைகள் விருந்து முடித்து உருண்டிருந்தன. வாசலில் ஒரு ஜீப் நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வணக்கம் சொன்னார். செலின் டீச்சரின் கணவருக்கு அண்ணன். அந்த மலைப்பக்கத்துச் சபையின் போதகர். “வீட்டுலயும் பாஸ்டர்ன்னுதான் கூப்பிடுவோம்,” என்றார் டீச்சர். அவரே விதுரை வரை கொண்டுவிடுவதாகச் சொன்னார். நான் முன்னால் ஏறினேன். மறுநாள் கூட்டத்துக்காக நகரத்தில் தங்கை வீட்டுக்கு வர வேண்டிய டீச்சர் பின்னால் ஏறினார்.

பாஸ்டர் மெதுவாக ஓட்டினார், மெதுவாகவே பேசினார். “கொசுப் பாடம் நல்லா இருந்துதாம். பிள்ளையோ சொல்லிச்சு. எனக்கு அதுல ஒரு எதிர்ப்பும் இல்ல மேடம். செலின் சம்பளம் வாங்குது, நடத்தணும். நடத்தட்டும். ஆனா புத்தகத்துல எழுதினவங்க பேருன்னு முதல்ல ஒரு லிஸ்ட் வரும்லா? அதுல செலின் பேரு வேண்டாம்னு சொல்லுங்கோ. நடத்துறது வேலை. பேரு போட்டா அது சாட்சி சொல்ற மாதிரி.”

“வந்தால் என்ன ஆகும்?”

“ஞாயித்துக்கிழமை சபையில பிள்ளைங்களுக்கு ஆதியாகமம், தேவன் உலகத்தைப் படைச்சது, நடத்துறது செலின்தான். பதிமூணு வருஷமா. பேரு வந்தா மூத்தவங்க கேப்பாங்க. அந்த கிளாஸை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும். குடுக்க எனக்கே மனசு வராது. ஆனா குடுக்கணும்.”

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். செலின் டீச்சர் மடியில் சுருட்டிய சார்ட்டை வைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு லாட்ஜில் கட்டிலில் உட்கார்ந்து அட்டைக் கடிக்கு மஞ்சள் தடவிக்கொண்டே யோசித்தேன். என் கோபமெல்லாம் இறங்கிவிட்டிருந்தது. பாவம், டீச்சர் அந்த வரியைக் கேட்டதில் என்ன தப்பு? பதிமூன்று வருஷ வகுப்பு. இரண்டு வாக்கியம் இருந்துவிட்டுப் போகட்டும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். தூங்கும்போது என்னை நானே கொஞ்சம் பெருந்தன்மைக்காரியாகவும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராமசுப்பு சார் வீட்டிலிருந்து போளியும் பால் பாயசமும் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரில் போளிக்கு நெய் ஊற்றுவோம். இங்கே இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு, மேலே பாயசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். இனிப்புக்கு இனிப்பைத் தொட்டுக்கொள்கிறார்களே என்று மலைத்தேன். இரண்டாவது போளியோடு மதம் மாறிவிட்டேன்.

அதிகாரி வந்தார். கனிவான மனிதர். பாடத்தை முழுக்கப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அந்த வரியோடு என்றால் மத்தியானமே அச்சகத்துக்குப் போகும். வரி இல்லாமல் என்றால் மேலே இன்னொரு குழுவுக்கு அனுப்ப வேண்டும், வருஷம் முடிந்தாலும் முடியலாம், அதுவரை பிள்ளைகள் ஜெராக்ஸ் தாளில் படிக்க வேண்டியதுதான் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

“சார், ஒண்ணு கேக்கட்டா?” செலின் டீச்சர் எழுந்து நின்றிருந்தார். “இந்த வரி யாருக்கு வேண்டி?”

ராமசுப்பு சார்தான் வாய் திறந்தார். “உனக்குத்தாம்மா. நான்தான் எழுதிக் குடுத்தேன். உங்க சபையில உனக்குத் தொந்தரவு வந்துடப்படாதேன்னு. அது ஒரு குடையா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்.”

என் பேனா கையிலேயே நின்றது. நான் முந்தினநாள் ராத்திரி செய்த பெருந்தன்மையும் இதே குடைதான். செலின் டீச்சருக்காக ஒரு அறை நிறைய ஆட்கள் கவலைப்பட்டிருக்கிறோம். அவரிடம் ஒருவர் கூடக் கேட்கவில்லை.

“நல்ல மனசுக்கு நன்றி சார்,” என்றார் டீச்சர். “ஆனா எனக்கு வேண்டாம்.”

அதிகாரி சுவரில் புதிதாக ஒட்டிய சார்ட்டைக் காட்டினார். கடவுளைப் பற்றி ஒரு பிள்ளையே கேட்டிருக்கிறதே, அப்போது வரி வேண்டும்தானே என்பது அவர் வாதம். உங்கள் விதிப்படியே சொல்கிறேன் என்றார்.

“அடுத்த கேள்வியையும் வாயிங்கோ சார். அதே பிள்ளைதான் கேட்டது.”

அவர் படித்தார். கொசுவுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது?

“கடவுளைப் பத்திக் கேட்டா, பதில் கிட்டிச்சு, அடுத்ததுக்குப் போயிட்டா. பயந்தது அவ இல்ல, நாமதான்.” டீச்சரின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. “நான் ஞாயித்துக்கிழமை ஆதியாகமம் நடத்துறேன் சார். அங்க வந்து, இது பல நம்பிக்கையில ஒண்ணுன்னு கடைசியில ஒரு வரி சேக்கச் சொல்லுவீங்களா? சொல்லமாட்டீங்க. சொன்னா நான் சேக்கமாட்டேன். அங்க அதை முழுசா நடத்துறேன். இங்க இதை முழுசா நடத்துறேன். எதையும் பாதியா நடத்த எனக்குத் தெரியாது.”

இத்தனை வருஷத்தில் பரிணாமத்துக்காக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். இப்படிப் பேசியதில்லை. பேசுவதற்கு எனக்கு எந்தச் செலவும் இருந்ததில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் நடத்துகிற ஆசிரியரே, விசுவாசியான ஒருவரே, வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால் ஃபைலில் வைத்து இன்றைக்கே தன் பொறுப்பில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் ஃபைல் கேட்கும் மனிதர். பிரமீளா மேடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். செலின் டீச்சர் நின்றபடியே மலையாளத்தில் ஐந்தாறு வரி எழுதி, கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டுத்தாளை ராமசுப்பு சாரே எடுத்து நாலாகக் கிழித்து, பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த எச்சில் இலையில் போட்டார். நான் வரி இல்லாத பாடத்தின் அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

கடைசியாகப் பெயர்ப் பட்டியல். புத்தகத்தின் முதல் பக்கங்களில் வருவது. டைப் செய்த தாளை பிரமீளா மேடம் என்னிடம் தந்து, பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொன்னார். ஜீப்பில் நடந்ததை நான் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் செலின் டீச்சர் பக்கம் குனிந்து தணிந்த குரலில் மலையாளத்தில் கேட்டார், எனக்கு விளங்கிய வரை இப்படி. எழுதிக் கொடுத்தது ஃபைலோடு போய்விடும், வெளியே யாரும் பார்க்கப் போவதில்லை. பட்டியலில் மட்டும் பெயரை எடுத்துவிட்டு, ‘தமிழ் டிவிஷன் ஆசிரியை’ என்று போட்டுவிடலாமா?

செலின் டீச்சர் தாளை என் கையிலிருந்து வாங்கினார். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். ‘செலின், ஆசிரியை’ என்று இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

“மேடம், இது தப்பா இருக்கு. செலின் ஜெபமலர்னு முழுப்பேரும் போடுங்கோ. எங்க சபையில மூணு செலின் உண்டு. மத்த ரெண்டு பேருக்கும் வீணாத் திட்டு விழும்.”